கார் நம்பாத திறப்பு

ஒன்பது மணிக்குக் காங்கேசன்துறையில் நேர்முகத் தேர்வு. இரண்டு வருஷம் அலைந்து அபிகாயிலுக்குக் கிடைத்த முதல் அழைப்பு. மணி எட்டே கால். உரும்பிராய் வீட்டு முற்றத்தில் கார் அசையமாட்டேன் என்று நிற்கிறது.

கார் வயரிங் செய்யும் அயல்வீட்டுக் கோபிசங்கர் ஓடிவந்து பார்த்தான்.

"பற்றரி நல்லாத்தான் இருக்கு அக்கா. உந்தச் சிவப்பு லைற் மினுங்குதெல்லே? திறப்புக்குள்ளை ஒரு சிப் இருக்கு. அதைக் கார் வாசிக்கவேணும். வாசிக்காட்டில் உங்களையும் கள்ளர் எண்டுதான் நினைக்கும்."

"நேற்று ஓடினதுதானே?"

"திறப்பைத் தாங்கோ பாப்பம்."

சாவியின் தோல் உறையைக் கழற்றினான். திறப்பைச் சுற்றி ஒரு செப்புத் தகடு. கட்டம் கீறி எழுத்தெல்லாம் போட்டிருந்தது.

"மந்திரிச்ச தகடு," என்று சிரித்தான். "சுத்திவரச் செம்பைச் சுத்தினால் சிப் எப்பிடிக் கதைக்கும்?"

அபிகாயிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வேதக்காரி, கிறிஸ்தவள்; கட்டிய இடம் சைவம். கார் வாங்கிய அன்று சில்லுக்கடியில் நசுங்கத் தேசிக்காய் வைக்கப்போன மாமி இரத்தினம்மாவை மறித்து, அபிகாயிலின் அப்பா எட்வேர்ட் உபதேசியார் அரை மணித்தியாலம் பிரசங்கமே செய்திருந்தார். மகளை வழியனுப்ப நேற்றே வந்து தங்கியிருந்த அவரும் இப்போது பக்கத்தில்தான் நின்றார்.

"மாமி, உது உங்கடை வேலைதானே?"

இரத்தினம்மா தகட்டைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. தனியக் கார் ஓடப்போறாய் எண்ட பயத்திலை... பிழைதான்."

"எத்தினை தரம் சொன்னனான், இந்த மூடப்பழக்கம் வேண்டாமெண்டு. அப்பா, நீங்களாவது சொல்லுங்கோ."

எட்வேர்ட் வேலியைப் பார்த்தார்.

"நேரம் போகுது. வெளிக்கிடு பிள்ளை."

தகட்டை எடுத்ததும் ஒரே திருப்பில் கார் ஸ்டார்ட் ஆனது. சிவப்பு லைற் அணைந்தது. அப்பாடா என்று அபிகாயிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோபம்கூடப் பாதி இறங்கிவிட்டது. கோபிசங்கரும் தன் வேலைக்குப் போய்விட்டான்.

படலையடிக்கு வந்த பிறகுதான் சான்றிதழ்க் கோவை வீட்டுக்குள் இருப்பது நினைவு வந்தது. இறங்கி ஓடிவந்தாள்.

விறாந்தையில் மாமி தணிந்த குரலில் அப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் காணக்கூடாதெண்டு தொண்டைமானாற்றுக் கோயிலடி வரைக்கும் போய்த் தகடு வாங்கினியள், உபதேசியார். நானும் அங்கை உங்களுக்குப் பின்னாலைதான் நிண்டனான். இனிமேல் பிள்ளைக்கு ஏதும் கட்டவேணுமெண்டால் என்னட்டைத் தாங்கோ. என்ரை பேரிலையே போகட்டும்."