உப்பு ஊறிய கிணறு

மாலை வெயில் ஜன்னல் வழியே நுழைந்து தங்கையின் கையிலுள்ள தாள்களில் விழுகிறது. அந்த ஜன்னலை மறைத்துச் சுவர் எழுப்பத்தான் அடுத்த வீட்டில் குடியிருக்கும் அவள் அண்ணன் சம்மதம் கேட்டு வந்திருக்கிறார். அவர் வீட்டில் ஆளில்லாத அறைகளே இரண்டு உண்டு. இன்னும் ஒன்று வேண்டுமாம். "முதல்ல என் கதையக் கேளுங்கண்ணே" என்று உட்கார வைத்துவிட்டாள். நல்ல தண்ணீர் வந்த பிறகும் போதாதென்று ஆழமாகத் தோண்டிக்கொண்டே போகிறவனின் கதை. முடிவில் உப்புநீர் ஊறுகிறது. அவன் ஒவ்வொரு வாளியாக இறைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறான். அத்தோடு நிறுத்துகிறாள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. அண்ணன் மீசையைத் தடவுகிறார். "பேராசை பெருநஷ்டம்னு எங்கயுமே வரலையே?" "வந்திருந்தா நீங்க பாதியிலேயே எந்திரிச்சுப் போயிருப்பீங்க." அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் இருக்கும் டம்ளரை எடுக்கிறார், குடிக்காமல் தண்ணீரையே பார்க்கிறார். "அளவெடுக்கலாமாங்க?" என்று வாசலிலிருந்து கொத்தனார் குரல் கொடுக்கிறார். "இன்னைக்கு வேணாம், நீ வீட்டுக்குப் போப்பா" என்கிறார் அண்ணன். பிறகு தங்கை பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்கிறார்: "அப்புறம் அந்தாளு என்னதான் பண்ணான்?"