மைலேஜ் கேடயம்

"டேங்க் வெடிச்சிருச்சுங்களா?"

டிரைவர் மாதவராஜ் இறந்துவிட்டான் என்று லாரி கம்பெனி மேனேஜர் கதிரவன் வீட்டுக்கு வந்து சொன்னதும், மாதவராஜின் மனைவி சுகுணா கேட்டது இதைத்தான். சோதனை ஓட்டத்துக்கு வந்த ஹைட்ரஜன் லாரியில் ஏற வேண்டாமென்று ஒரு வாரமாக அவனிடம் மன்றாடியிருந்தாள்.

"டேங்க்ல ஒரு கீறல்கூட இல்லம்மா. தொப்பூர் இறக்கத்துல பிரேக் பிடிக்கல."

"அது அவருக்குப் பழகுன ரோடுங்களே. மைலேஜ்ல அவருதான் மொதல்னு ஆறு வருசமா கேடயம் குடுத்தீங்க. அதனாலதான இந்த வண்டிக்கும் அவரையே எடுத்தீங்க?"

அலமாரியில் ஆறு கேடயங்களும் வரிசையாக இருந்தன. ஆறையும் கொடுத்தது கதிரவன்தான்.

கதிரவனின் செல்போன் அடித்தது. கம்பெனி இன்ஜினியர்.

"சார், வண்டியில எல்லாம் பதிவாகியிருக்கு. பிரேக்ல கோளாறே இல்ல. இறக்கம் ஆரம்பிச்சதுமே நியூட்ரல்ல விட்டிருக்கார். பிரேக்கை மட்டும் மிதிச்சு மிதிச்சு, அது சூடாகிப் பிடிக்காமப் போயிருக்கு. கியர்லயே வந்திருந்தா, கரன்ட் மோட்டார்ல ஓடுற இந்த வண்டி தானா வேகம் குறைஞ்சிருக்கும், பேட்டரியிலயும் சார்ஜ் ஏறியிருக்கும். டீசலை மிச்சம் பண்ற பழைய பழக்கம் சார் இது. யார் சொல்லிக் குடுத்தாங்களோ?"

கதிரவன் அலமாரியைப் பார்த்தார்.

"யாரும் சொல்லிக் குடுக்கல. நாம கேடயம்தான் குடுத்தோம்."