அளவெடுக்காத உடம்பு

மாடியேறி வந்த தையல்காரம்மா, மூச்சு வாங்க டாக்டரின் அறை வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

"டாக்டர், கால்லேர்ந்து ரத்தக்குழாய் எடுத்து இதயத்துல ஒட்டுப்போட்டவங்களுக்குப் புது மருந்து குடுத்துப் பார்க்கப்போறீங்களாமே. என்னை மாதிரி ஆளைச் சேர்ப்பீங்களா?"

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எடை எவ்வளவு?"

"நூத்திப் பத்து கிலோ."

"கஷ்டம்மா. குண்டான உடம்புல ஒட்டு லேசுல ஆறாது. குழாய் புது இடத்துக்குப் பழகறதுக்குள்ள உள்சுவர் தடிச்சு அடைச்சுக்கும். உங்களைச் சேர்த்தா மருந்தோட பேர் கெட்டுடும்."

"அப்ப மருந்து யாருக்கு அதிகம் வேணும்? எனக்கா, ஒல்லியா இருக்கறவங்களுக்கா?"

"வாதம் பண்ணாதீங்க. முதல்ல எடையைக் குறைச்சுட்டு வாங்க, பார்க்கலாம்."

"முப்பது வருஷமா தைக்கறேன், டாக்டர். ஒல்லிக்குச்சிங்களுக்கு மட்டும் அளவெடுத்துத் தச்சுட்டு, ஊருக்கே பொருந்தும்னு போர்டு மாட்டினா, என் கத்திரிக்கோலைப் பிடுங்கிட மாட்டாங்க?"

"எனக்கு மீட்டிங் இருக்கும்மா. ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கணும்." டாக்டர் ஃபைலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

பத்து நிமிடம் கழித்து, எல்லோரும் காத்திருந்த மீட்டிங் அறைக்குள் நுழைந்த தையல்காரம்மா, காலியாக இருந்த ஒரே நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்தாள்.

"வாங்கம்மா," என்று எழுந்தார் தலைவர். "டாக்டர், நம்ம அனுமதிக் குழுவுல பொதுமக்கள் சார்பா இருக்கறது இவங்கதான். இவங்க கையெழுத்தும் விழுந்தாத்தான் ஆராய்ச்சி."

டாக்டர் அனுமதித் தாளையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார்.

தையல்காரம்மா பேனாவைத் தொடாமல் தாளை அவர் பக்கமே தள்ளினாள்.

"முதல்ல எங்க ஆளுங்களையும் சேர்த்துட்டு வாங்க டாக்டர், பார்க்கலாம்."