பத்தாவது ஜன்னல்

ஜன்னலோரமாகப் பிடித்த மெழுகுவர்த்திச் சுடர் ஒன்பது ஜன்னல்களில் லேசாக ஆடியது. பத்தாவதில் அணைந்தே போனது.

"பாத்தீங்களா மேடம்? நீங்க ஹீட்டருக்குக் கொட்டுற காசு பூரா இது வழியாத்தான் ஏரிக்குப் போகுது" என்றான் பிரென்ட். ஜன்னல் கம்பெனியிலிருந்து வந்த விற்பனை ஆள். வந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்காரி மேவிஸ் அணைந்த திரியையே பார்த்தாள்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வீட்டில் இருந்தால்தான் ஜன்னல்காரர்கள் வருவார்கள். 'அவரைக் கேட்டுச் சொல்றேன்' என்று யாரும் நழுவிவிடக் கூடாதல்லவா. அதை வைத்தே அவள் ஒரு சனிக்கிழமை பல்வலி என்றாள், இன்னொன்றில் சர்ச்சில் சமையல் வேலை என்றாள். இந்த வாரம் அவள் புருஷன் ஆர்விட் அவளைக் கேட்காமலேயே வரச் சொல்லிவிட்டார். அமெரிக்காவின் வடக்கே ஏரிக்கரை ஊரான டுலூத்தில் நவம்பர் பிறந்து குளிரும் தொடங்கியாயிற்று, இனி எந்தச் சாக்கும் செல்லாது.

பின்னறையின் அந்தப் பத்தாவது ஜன்னல் வழியாகத்தான் கர்ட் வருவான்.

கர்ட் அவர்களுடைய மகன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவின் படகு மோட்டாரை விற்று, அந்தக் காசில் போதை மாத்திரை வாங்கினான். ஆர்விட் அன்றைக்கே வாசல் பூட்டை மாற்றினார். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. அதற்குப் பிறகு மகனின் பெயர்கூட அவர் வாயில் வந்ததில்லை.

கர்ட் தன் ஓட்டை டிரக்கிலேயே படுத்துக்கொள்கிறான். மூக்குச்சளி உறைகிற குளிர் வந்தால் மட்டும் பின்னறைக்குள் ஏறி, தையல் மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்துவிட்டு, விடிவதற்குள் போய்விடுவான். மேவிஸ் ஜன்னலின் கொக்கியைப் போடாமல் விட்டு, ஒரு தட்டில் உருளைக்கிழங்கும் கறியும் மூடி வைப்பாள். பக்கத்தில் ஆர்விட் குறட்டை விட, இவள் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். ஒன்றும் கேட்காது. காலையில் காலித் தட்டைப் பார்த்துத்தான் பிள்ளை வந்துபோனது தெரியும்.

மற்ற ஜன்னல்களை மேலே தூக்கித் திறந்தால் போடுகிற கிறீச்சில் தெருவே திரும்பிப் பார்க்கும். இது ஒன்று மட்டும் வாய் திறக்காததைக் கடவுளின் கருணை என்று நம்பியிருந்தாள்.

இன்னொரு கருணையும் உண்டு. குளிருக்கு முன்னால் ஆர்விட் காற்று புகாதபடி ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடுவார். பின்னறைக்கு வரும்போது சுருள் தீர்ந்துபோகும். இன்னொரு சுருள் வாங்க அவருக்கு மனம் வராது. சில நேரம் கஞ்சத்தனமும் புண்ணியம்தான்.

சமையலறை மேசையில் பிரென்ட் ஒரு கண்ணாடித் துண்டை நிறுத்தி, பின்னால் சூட்டு விளக்கை எரியவிட்டான். இந்தப் பக்கம் கையை வைத்தால் சூடே தெரியவில்லை. ஆர்விட் பென்சிலால் கணக்குப் போட்டார். ஏரியைப் பார்த்த பக்கத்துக்கு மூன்றடுக்குக் கண்ணாடி, மற்றதுக்கு இரண்டடுக்கு போதும் என்றார்.

"பூட்டு ரெட்டைப் பூட்டு சார். மூடுனா தானா விழுந்துடும். வெளிய இருந்து ஒருத்தனும் அசைக்க முடியாது."

மேவிஸ் பிரென்டின் கோப்பையில் காபி ஊற்றினாள்.

"பின்னறை யாரும் பொழங்காத ரூமு. அத விட்டுடுவோமே, காசாவது மிஞ்சும்" என்றாள். குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

ஆர்விட் கணக்கிலிருந்து தலையை எடுக்கவில்லை. பிரென்ட் இதற்காகவே காத்திருந்தவன் போல் முன்னால் சாய்ந்தான்.

"மிச்சப்படுத்தவே வேணாம் மேடம். இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா, ஒம்பதுக்குக் காசு குடுத்தாப் போதும். பத்தாவது சும்மா!"

அவ்வளவுதான். அவள் கையில் இருந்த ஒரே துருப்பும் போயிற்று. ஆர்விட் சும்மா கிடைத்த எதையும் விட்டவரில்லை. ஹோட்டலுக்குப் போனால் சர்க்கரைப் பொட்டலங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தொண்டை வரை வந்தது. சொன்னால் இன்றைக்கே ஆணி அடித்துவிடுவார். சொல்லாவிட்டால் ஜனவரியில் பிள்ளை டிரக்குக்குள்ளேயே விறைத்துப்போவான்.

ஆர்விட் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து பின்னறைக்குப் போனார். இருவரும் பின்னாலேயே போனார்கள். மேவிஸ் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றார்.

"இது வேணாம்."

"சும்மாதானே சார் தர்றோம்!"

"சும்மா குடுத்தாலும் வேணாம்யா. இதுக்கு என்ன கொறச்சல்?"

ஒற்றை விரலால் தூக்கினார். சத்தமே இல்லாமல் ஜன்னல் வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று.

சட்டத்தின் இரண்டு பக்கப் பள்ளங்களிலும் வெள்ளையாக ஏதோ தேய்த்திருந்தது. காற்றோடு அதன் வாசனை உள்ளே வந்தது. ஆர்விட்டின் சவரச் சோப்பு. முப்பத்தேழு வருடமாக அவள் தினமும் முகர்கிற வாசனை.

சோப்பு இன்னும் காய்ந்திருக்கவில்லை.

ஆர்விட் ஜன்னலை இறக்கினார். கொக்கியைப் போடவில்லை. மேவிஸின் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஒம்போதுன்னு எழுதுப்பா" என்று சமையலறைக்கு நடந்தார். "மேவிஸ், தம்பிக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊத்து."

ஊற்றினாள். கண்ணை மறைத்த நீரில் கோப்பை நிறைந்தது தெரியாமல், காபி மேசையில் வழிந்து ஓடியது.

ஒரு சொட்டு சிந்தினாலும் கத்துகிற மனிதர், தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.