ஜன்னல் சான்று

குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டே கைப்பேசியை எட்டி எட்டிப் பார்த்தாள் அவள். சோப்பு நுரை படாமல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள்.

திரையில் அந்தச் சிவப்புப் பெட்டி இன்னும் அப்படியே இருந்தது. 'சான்று இல்லாவிட்டால் இக்கட்டுரை இன்று மாலை ஆறு மணிக்கு நீக்கப்படும்.'

இன்னும் அரைமணிதான்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று படித்ததிலிருந்து அவளுக்கு ஒரு ஆசை. ஏழாவதோடு நின்ற படிப்பு. கல்யாணத்துக்கு அப்புறம் அவள் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான். ஜன்னல் மூலையில் மண்குளவி கூடு கட்டுவதை, பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி நாள் கணக்காகப் பார்த்தாள். அதையே கட்டுரையாக எழுதி, படமும் போட்டாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வந்து சேர்ந்தது ஒரு சனியன், 'கத்தரி' என்ற புனைபெயரில்.

"எங்கே படித்தீர்கள்? சான்று தேவை."

'சான்று: எங்கள் வீட்டு ஜன்னல்' என்று போட்டாள்.

"ஜன்னல் சான்றாகாது. அச்சிட்ட புத்தகம் வேண்டும். படத்தில் குழந்தையின் சாக்ஸ் எதற்கு? வெட்டுங்கள்."

சொன்னதோடு நிற்காமல் பாதிக் கட்டுரையையும் வெட்டிப் போட்டது. அதன் பிறகுதான் இந்தச் சிவப்புப் பெட்டி.

புத்தகத்துக்கு அவள் எங்கே போவாள்?

"ஏம்மா, துணியைத் துவைக்கிறியா, போனைத் துவைக்கிறியா?"

கூடத்திலிருந்து நாத்தனார். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. வீட்டிலும் அதே வேலைதான்.

"இதோ ஆச்சு அண்ணி."

"பிள்ளைக்குன்னு நூலகத்துலேர்ந்து பச்சை அட்டைப் புத்தகம் எடுத்துட்டு வந்தேனே, பிரிச்சாவது பாத்தியா?"

"அவனுக்கு இன்னும் பல்லே முளைக்கல அண்ணி. கிழிச்சிடப் போறான்னு அலமாரி உச்சில வச்சிட்டேன்."

"உச்சிலயா!"

திட்டு இன்னும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

போகிற கட்டுரை போகட்டும், மனசில் இருப்பதையாவது கொட்டிவிடலாம் என்று தோன்றியது. கையை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கு எழுதினாள்.

'உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா? உங்களோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறவர்கள் பாவம். அவர்கள் எப்படித்தான்'

ஈர விரல் வழுக்கி, செய்தி பாதியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

கூடத்தில் 'டிங்' என்றது.

"பாவம்தான்டி, பாவம்தான்!" நாற்காலி மேலிருந்து வந்தது நாத்தனாரின் குரல். "பூச்சிப் புத்தகத்தை அலமாரி உச்சில ஏத்தி வைக்கிறவளோட குப்பை கொட்டற நான்தான் பாவம்! நான் பின்னின சாக்ஸு எனக்கு அடையாளம் தெரியாதா? ஓடி வா, உன் குளவி நாற்பதாம் பக்கத்துல இருக்கு. 'புதுசா எழுத வந்தவ, இன்னும் ஒரு நாள் பொறுங்க'ன்னு அங்க நீக்கச் சொல்றவங்க ஒவ்வொருத்தர் கிட்டயும் நானும் எத்தனை தடவைதான் கெஞ்ச..."