தரங்கம்பாடி பார்த்தவர்கள்

தேவசகாயம் தரங்கம்பாடி போய் வந்ததிலிருந்து கன்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் இருவருக்கும் ஒரே சுண்ணாம்புத் தொட்டி. கப்பலுக்குப் போகும் தோல் மூட்டைகளுக்குக் காவலாக தேவசகாயத்தை மேஸ்திரி அனுப்பியிருந்தார். திரும்பிய நாள் முதல் அவன் வாய் ஓயவில்லை.

"கடலோரமா கோட்டைடா! மதில் மேல நடந்தேன். அலை என் மேலயே வந்து தெறிச்சுது!"

கன்னியப்பனின் மனைவி சுந்தரி கூட, "அண்ணனைப் பாரு, இன்னா இன்னா பார்த்துட்டு வந்திருக்காரு. நீயும் இருக்கியே!" என்றாள்.

அதுதான் சுட்டது. மேஸ்திரியின் காலைப் பிடித்து, அடுத்த சரக்கோடு கன்னியப்பன் கிளம்பிவிட்டான்.

அவன் திரும்பியதும் கூட்டம் கூடியது.

"மதிலு இன்னா பெரிசு! நான் கோட்டை உச்சிக்கே ஏறினேன். துரை தன்னோட தூரக்கண்ணாடியைக் குடுத்து, கப்பல் பாருன்னாரு!"

சுந்தரிக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் தேவசகாயம் மெல்ல அருகில் வந்தான்.

"நாத்தம் அடிக்குதுன்னு மூட்டையை ஊர் வாசலுக்கு வெளியிலேயே இறக்கிட்டாங்களா?"

கன்னியப்பன் திடுக்கிட்டான்.

"ஆமாண்ணே. தோணிக்காரங்க வந்து எடுக்கற வரைக்கும் மூட்டை மேலயே உட்கார்ந்திருந்தேன். அப்படியே ரயிலேத்தி அனுப்பிட்டாங்க. அலைச் சத்தம்தான் கேட்டுச்சு."

"எனக்கும் அதேதான். அதுக்கு இன்னாத்துக்குடா துரை, தூரக்கண்ணாடி எல்லாம்?"

"பின்னே? உன்னைவிட கம்மியா பார்த்தேன்னு சொல்லச் சொல்றியா?"