கவிழ்ந்தால் இங்கிலீஷில் என்ன?

“படகு கவுந்தா கேப்சைஸ். லாரி கவுந்தா ஓவர்டர்ன். மாத்திச் சொன்னா வெள்ளைக்காரங்க சிரிப்பாங்க, தலைவரே” என்றாள் ஜான்சி.

“அதான் சிரிச்சிட்டாங்களேம்மா” என்றார் கலியபெருமாள்.

மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர்கள் வைத்திருந்த சிறிய சங்கத்துக்கு அவர்தான் தலைவர். போன மாதம் உப்பு ஏற்றிய லாரி ஒன்று வரப்பில் சரிந்து படுத்துவிட்டது. வேடிக்கை பார்க்க நின்ற வெள்ளைக்காரத் தம்பதியிடம், கம்பீரமாக “லாரி கேப்சைஸ்” என்று சொல்லிவைத்தார். பக்கத்து ஊரான அனுமந்தையில் மீனவர் ஒருவரிடம் பொறுக்கிய வார்த்தை அது. அந்தம்மா சிரித்த சிரிப்பில் தலைவரின் மானமும் லாரியோடு சேர்ந்து படுத்துவிட்டது.

அதனால்தான், “நம்ம ஜான்சி ஆரோவில்ல வேலை பாக்குதில்ல, இந்த ஞாயித்துக்கிழமை எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருது. நீங்களும் வாங்க” என்று சங்கத்து ஜெயா கூப்பிட்டதும், சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். 2006-ஆம் வருடக் கோடை. சாயங்கால வெயிலே சுள்ளென்று இருந்தது.

உப்புக் குவியலின் நிழலில், சங்கத்து ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஆளுக்கொரு கூடையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்தின் ஒரே நாற்காலியை அவர்களில் ஒருவனான முருகையன் ஒயர் பின்னக் கொடுத்திருந்தானாம். ஈர மண்ணில் உட்கார்ந்தால் வேட்டி என்ன ஆவது? முருகையனே கொட்டகைக்கு ஓடி, விளிம்பில் சிவப்புப் பெயின்ட் அடித்த தலைவர் கூடையை எடுத்து வந்தான். கலியபெருமாள் அதை வாங்கித் தட்டிக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கூடை லேசாக முனகியது.

“சரி, இந்த அப்செட்டு எதுல வரும்?”

“சின்னச் சின்னதுலங்க. டீ கிளாஸைத் தட்டிவிட்டா அப்செட். வயிறு கெட்டா அப்செட். மனசு நொந்தாலும் அப்செட்.”

“எங்க வீட்ல மூணும் ஒரே நாள்ல நடக்கும்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜான்சி அடக்கிக்கொண்டு தொடர்ந்தாள். “உசரமா நிக்கறது ஆடி ஆடிச் சாஞ்சா டாப்பிள்.”

“பனைமரம்” என்றான் முருகையன்.

“தலைவரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். கலியபெருமாளும் பெருந்தன்மையாகச் சிரித்துவைத்தார்.

“பதவியில இருக்கறவங்களை இறக்கிவிடறதுக்குத் தனி வார்த்தைங்க. ஓவர்த்ரோ.”

“அது நமக்கு எதுக்கு? அடுத்ததுக்குப் போம்மா.”

ஜெயா கையைத் தூக்கினாள். “எனக்கு ஒரு சந்தேகம் தலைவரே. குடிக்கிற தண்ணிக்குத் தொட்டி கேட்டோமே, என்னாச்சு? போன கோடையும் கேட்டோம். உப்புல நின்னு நின்னு நாக்கு வறண்டு போவுது. ஒரு வாய்த் தண்ணிக்கு ரோடு வரைக்கும் நடக்கறோம்.”

“முதலாளிகிட்ட பேசறேன்னு சொன்னேன்ல?”

“பேசலையேங்க. வருசக் கூட்டமாவது எப்பன்னு சொல்லுங்க.”

கூட்டம் என்றதும் கலியபெருமாள் வேட்டி நுனியைச் சரிசெய்தார். அந்தச் சங்கத்தில் தலைவரை முடிவுசெய்ய ஓட்டுச் சீட்டுப் போடுவதும் இல்லை, கை தூக்குவதும் இல்லை. கூட்டத்துக்குக் கூடையோடு வர வேண்டும். கூடை நிமிர்ந்திருந்தால் தலைவரே நீடிக்கலாம். கவிழ்ந்திருந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

“கூட்டம் போட்டு என்னா ஆவப்போவுது ஜெயா? ஒரே ஒரு கூடை நிமிந்திருந்தாலும் தலைவரை மாத்தக் கூடாது. அதான் நம்ம விதி. என் கூடையும் கணக்குல உண்டு. அது என்னிக்காவது கவுந்திருக்குதா?”

“இல்லீங்க.”

“அப்புறம்? அதுவுமில்லாம, கூட்டம்னா எல்லாரும் இருக்கணும், நானும் வந்து உக்காரணும். நான் எங்க உக்கார்றனோ அதான் கூட்டம்.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்றாள் ஜெயா. கேட்டுக்கொண்டதாக எல்லோரும் தலையாட்டினார்கள். பாடத்தில் இல்லாத ஒழுங்கு அதில் இருந்தது.

ஜான்சி தொண்டையைச் செருமினாள். “கடைசியா ஒரு பயிற்சி. ஓவர்டர்ன் போட்டு நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க தலைவரே. லாரி வேணாம், சொந்தமா சொல்லுங்க.”

கலியபெருமாள் யோசித்தார். உப்புக் குவியலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஜெயாவுக்கும் பதில் சொன்ன மாதிரி ஆயிற்று, இங்கிலீஷும் பேசின மாதிரி ஆயிற்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

“மை... பாஸ்கெட்... நெவர்... ஓவர்டர்ன்.”

கைதட்டல் உப்பளம் முழுக்கக் கேட்டது. விசில்கூடப் பறந்தது. கலியபெருமாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

“எப்படிம்மா? சரியா?”

“இங்கிலீஷ் பரவாயில்லீங்க” என்றாள் ஜான்சி பணிவாக. “விஷயம்தான் தப்பு. கொஞ்சம் எழுந்திரிச்சுப் பாருங்க.”

அவர் எழுந்தார். அவரோடு அத்தனை பேரும் எழுந்தார்கள். நிழல் முழுக்கக் கவிழ்ந்த கூடைகள். நடுவில், அவரே தன் கையால் கவிழ்த்துப் போட்ட சிவப்பு விளிம்புக் கூடை.

“தொட்டி விஷயமா நாளைக்கு நானே முதலாளியைப் பாக்கறேன்” என்றாள் ஜெயா. “கூட்டம் முடிஞ்சுது, எல்லாரும் கிளம்புங்க.”